முத்துக்குளித்தவருக்குப் பங்கு இருந்தது, நடித்தவருக்கு?

தூத்துக்குடி தந்த திரைக் கலைஞர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று முடிவானதும் பெயர்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றன. தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஜே.பி.சந்திரபாபு துறைமுக நகரத்துப் பிள்ளை. மாரி செல்வராஜின் புளியங்குளம் தாமிரபரணிப் பக்கம். மணிரத்னத்தின் ‘கடல்’, சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ இரண்டுக்கும் மணப்பாட்டு மணல்தான் களம். கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலையே எழுப்பினார்.

இந்தப் பெயர்களைப் பெருமையாக அடுக்கிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சந்திரபாபுவைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

1927 ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் பனிமயதாஸ். பனிமய மாதா கோயில் திருவிழா நடக்கும் மாதமும் அதுவே. அப்பா ஜோசப் பிச்சை ரோட்ரிக்ஸ், ‘சுதந்திர வீரன்’ பத்திரிகை நடத்தியவர். சத்தியாகிரகத்தில் கைதாகி வெளியே வந்த பிறகு குடும்பம் கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று. மேல்நாட்டுப் பாட்டும் ஆட்டமும் பையனுக்கு அங்கேதான் தொற்றிக்கொண்டன. குரலை உடைத்து உச்சிக்கு ஏற்றி இறக்கும் யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். 1943இல் குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்கு வந்தது. 1947இல் ‘தன அமராவதி’யில் முகம் காட்டினார். அதற்குப் பிறகும் வாய்ப்புக்காக அலைந்தலைந்து, 1952இல் உயிரையே விட்டுவிடத் துணிந்து, அப்படித் தற்கொலைக்கு முயன்ற குற்றத்துக்காக நீதிமன்றம் வரை போனார்.

என் கணக்கு அதற்கப்புறம் தொடங்குகிறது. 1958இல் ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம். அதில் ரிக்‌ஷாக்காரராக வந்து அவர் பேசிய மெட்ராஸ் பாஷையைப் பின்னால் வந்த எத்தனையோ நகைச்சுவை நடிகர்கள் முதலீடாக எடுத்துக்கொண்டார்கள். 1959இல் ‘சகோதரி’. படம் முழுக்க எடுத்து முடித்த பிறகு, ஏதோ குறைகிறது என்று தோன்றி, பால்காரர் பாத்திரத்தில் சந்திரபாபுவைப் புதிதாகச் சேர்த்தார்கள். தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு அவர் பாடி ஆடிய பாட்டு அந்தப் படத்தில்தான். படம் ஓடியது. கிடங்கில் தூங்கியிருக்க வேண்டிய ஒரு படத்தைத் தன் உடம்பையும் குரலையும் கொண்டு கரைசேர்த்தவருக்குக் கிடைத்தது பேசிய சம்பளம். பெரிய சம்பளமாகவே இருக்கட்டும். அந்தப் பாட்டு 65 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிற வருமானத்தில் அவருக்கு ஒரு காசு உண்டா என்பதே என் கேள்வி.

சம்பளத்தை மட்டும் நம்பிய நடிகர் கொஞ்சம் மேலே வந்ததும் அடுத்துச் செய்யும் காரியம் படம் எடுப்பது. லாபத்தில் பங்கு வேண்டுமென்றால் முதலாளியாவதைத் தவிர வேறு வழி அவருக்கு இல்லை. சந்திரபாபுவும் அதைத்தான் செய்தார். ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. 1966இல் தாமே இயக்கிய ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ ஓடவில்லை. மாடிவரை கார் ஏறிப் போகும்படி கேசவபெருமாள்புரத்தில் ஆசையாகக் கட்டிய வீடு கையைவிட்டுப் போயிற்று. 1974 மார்ச் 8ஆம் தேதி இறந்தபோது வயது 46. மனம்போல் பேசியதும் குடித்ததும்தான் அவரைக் கெடுத்தன என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் அவருடைய பாட்டுகளிலிருந்து ஒரு சிறு தொகை வீடு தேடி வந்திருந்தால் அந்தக் கடைசிப் பத்து ஆண்டுகள் வேறு மாதிரி போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதைத் தூத்துக்குடியில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ‘பங்கு’ என்பது இங்கே கடலோடு பிறந்த வழக்கம். ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் தோணிகள் கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அந்நியர் ஆட்சி, கடுமையான காவல், ஏலம் எல்லாம் இருந்தும் அப்படித்தான். கல்லைக் கட்டிக்கொண்டு அடிக்கடலுக்கு இறங்கிய மனிதருக்கு நாள்கூலியைக் கொடுத்து அனுப்பிவிடவில்லை. அவர் எடுத்துவந்த சிப்பியில் மூன்றில் ஒன்று அவருடையது. அதற்குள் முத்து இருந்தால் அவர் யோகம், இல்லாவிட்டால் அவர் விதி. 1961இல் நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு. ஆனால் பங்கு நிற்கவில்லை. விசைப்படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை முதலாளியும் ஆட்களும் பிரித்துக்கொள்கிறார்கள். வள்ளத்தில் வலைக்கொரு பங்கு, என்ஜினுக்கொரு பங்கு, ஆளுக்கொரு பங்கு. கரையில் இறங்கியவரிடம் பெண்டாட்டி கேட்கும் முதல் கேள்வியே பங்கு எவ்வளவு விழுந்தது என்பதுதான். வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் 25 ரூபாய்க்கு ஒரு பங்கு என்று 40,000 பங்குகளாகப் பிரித்துத்தானே ஊர் ஊராகப் போய்க் கேட்டார்!

அப்படிப்பட்ட கரையில் பிறந்த பிள்ளைகள் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கியதும் கூலிக்காரர்களாகிவிடுகிறார்கள்.

சின்னத்திரையின் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். சீரியல் நடிகருக்கு ஊதியம் நாள்கணக்கில். மாதத்தில் எத்தனை நாள் கால்ஷீட் என்பது கதை எழுதுபவர் கையில். புடவையும் நகையும் பெரும்பாலும் அவரவர் செலவு. வேலை செய்த பணம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆவதை யாரும் குறையாகக்கூட நினைப்பதில்லை, அதுதான் நடைமுறை. டி.ஆர்.பி. இறங்கினால் பாத்திரம் வெளிநாட்டுக்குப் போகும், அல்லது சுவரில் படமாகி மாலை விழும். அந்த நடிகரின் சம்பாத்தியம் அன்றோடு சரி. ஆனால் அவர் நடித்த அத்தியாயங்கள் தொடர்ந்து சம்பாதிக்கின்றன. மதியம் மறு ஒளிபரப்பு, யூடியூபில் முழுத் தொகுப்பு, ஓடிடியில் சந்தா, அப்புறம் வேறு மொழியில் டப்பிங். நான்கு முறை விற்ற சரக்குக்கு ஒரே ஒரு முறை கூலி. 2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றுபோனபோது பல சேனல்கள் பழைய தொடர்களைத் திரும்பப் போட்டுத்தான் பொழுதை நகர்த்தின. அந்தத் தொடர்களில் நடித்த பலர் அப்போது வீட்டில் அரிசிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் முகமே திரையில் உழைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி!

பிறகு எப்படித்தான் பிழைக்கிறார்கள்? அதற்கும் விடை இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குப் போய்ப் பாருங்கள். விரதமிருந்து காளி, குறவன், ராஜா என்று வேடம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி வரும் பக்தர்கள் ஒரு பக்கம். ஊருக்கு ஊர் தசராக் குழுக்கள் இன்னொரு பக்கம். அந்தக் குழுக்களின் மேடைக்குச் சின்னத்திரை முகங்களை அழைத்துவருகிறார்கள். சுவரொட்டியில் நடிகரின் சொந்தப் பெயரைவிடப் பாத்திரத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வாத்தியாராகவோ மருமகளாகவோ ஊரறிந்த முகம் ஒன்று வந்து இரண்டு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போனால், பணம் அன்றைக்கே கையில். மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கோயில் கொடை, தசரா, கல்லூரி விழா, கடை திறப்பு என்று சின்னத்திரைக் கலைஞருக்கு மெய்யான வருமானம் இப்படித்தான் வருகிறது. சீரியல் அதற்கான விளம்பரப் பலகையாக இருக்கிறது. முகம் திரையைவிட்டு மறைந்த ஓராண்டுக்குள் மேடையும் கைவிடும். அடுத்த தசராவுக்கு வேறு தொடரின் மருமகள் வருவார்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகனின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ், வாழ்நாளெல்லாம் பெண்வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். அந்த நடிப்பைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. படம் கொண்டாடப்பட்டு மூன்று ஆண்டுகள் ஆன பிறகும் அவர் இருந்தது இடிந்துவிழும் நிலையிலிருந்த வீட்டில். செய்தி வெளியே வந்த பிறகு மாவட்ட நிர்வாகமும் கலை இலக்கிய அன்பர்களும் முன்வந்து உதவினார்கள். 2023இல் இறந்துபோனார். உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கலைஞர் தம் முதுமையை எப்போதும் யாரோ ஒருவரின் இரக்கத்தில்தான் கழிக்க வேண்டுமா? நலிந்த கலைஞர் உதவித்தொகை, வாரிய அட்டை என்று அரசு தருபவை எல்லாம் தேவைதான். அவை உதவி. நான் கேட்பது வரவு.

சங்கரதாஸ் சுவாமிகளின் கதையும் வேறல்ல. அவர் எழுதிய வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் வைத்துத்தான் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் இன்றும் ராத்திரிச் சோறு சாப்பிடுகிறார்கள். அவரோ பக்கவாதத்தில் படுத்து, 1922இல் புதுச்சேரியில் கண்ணை மூடினார்.

தயாரிப்பாளர் தரப்பில் ஒரு நியாயம் சொல்வார்கள்: படம் விழுந்தால் நடிகர் சம்பளத்தைத் திருப்பித் தருவதில்லையே. உண்மைதான். 1961இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ வசூலாகாமல் போனபோது நட்டம் தயாரித்த பி.ஆர்.பந்துலுவின் தலையில்தான் விழுந்தது. ஆனால் வலை காலியாக வந்த நாளில் படகுக்காரரோடு சேர்ந்து ஆட்களும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். வரும்போது பங்கு, வராதபோது இல்லை. இதை நடிகரிடம் பேசிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

வெளிநாட்டில் இது பேசித் தீர்ந்த சங்கதி. அமெரிக்க நடிகர்கள் 1960இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவராக இருந்தவர் பின்னாளில் அந்த நாட்டின் அதிபரான ரொனால்ட் ரீகன். திரைப்படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போதெல்லாம் நடிகருக்கு ஒரு தொகை, அதோடு ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் என்று வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். 2023இல் ஓடிடிக்காக மறுபடியும் 118 நாள் நின்றார்கள். பெரிய நட்சத்திரங்கள் தங்கள் தேவைக்காக நின்றதாக யாரும் சொல்ல முடியாது. ஒரு காட்சியில் வந்துபோகிற நடிகருக்காக அவர்கள் வெயிலில் பதாகை பிடித்தார்கள். நம் ஊரில் 1952 முதல் நடிகர் சங்கம் இருக்கிறது. மூத்த நாடகக் கலைஞர்களுக்கு மாதாமாதம் உதவுகிறது. பங்கு கேட்கும் போராட்டத்துக்கு மட்டும் இன்னும் நேரம் வரவில்லை.

இத்தனைக்கும் சட்டம் நம் பக்கம் ஓரடி வைத்தாயிற்று. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைத்தொகையைப் பெற்றது அதில்தான். நிகழ்த்துகலைஞரின் நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்பட்டால் அவருக்கும் உரிமைத்தொகை உண்டு என்று அதே திருத்தம் சொல்கிறது. பாடகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி வசூலிக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். நடிகர்கள் கையெழுத்துப் போடும் தாளிலோ, எல்லா உரிமையும், எல்லா ஊடகத்திலும், எல்லாக் காலத்துக்கும் என்ற ஒரே வரியில் கதை முடிந்துவிடுகிறது. பல பேருக்கு அந்தத் தாளின் நகல்கூடக் கிடைப்பதில்லை.

இன்னொரு முடிச்சும் அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. மணப்பாட்டிலும் புளியங்குளத்திலும் கேமராவுக்கு முன்னால் நிற்கிற நம் ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ தலைகாட்டி, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராதவரைச் உரிமைத்தொகை விஷயத்தில் சட்டம் நிகழ்த்துகலைஞராக எண்ணாது. கூட்டத்தில் நின்ற மீனவர், வலை பின்னிய பாட்டி, கோயில் வாசலில் ஒரு வசனம் பேசிய பெரியவர் எல்லாரும் இந்த வலைக்கண் வழியே வெளியே விழுந்துவிடுவார்கள். ஆகவே இங்கே படப்பிடிப்பு நடக்கும்போது, சாப்பாடும் பேட்டாவும் பேசுவதற்கு முன்னால், டைட்டிலில் என் பெயர் வருமா என்று கேளுங்கள். வரும் என்றால் எழுதி வாங்குங்கள். சென்னைக்குச் சீரியலுக்குப் போகும் பிள்ளைகள் தாளில் கையெழுத்துப் போடும் முன் மறு ஒளிபரப்பு, ஓடிடி, டப்பிங் மூன்றுக்கும் என்ன தருவீர்கள் என்று கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் மறுநாள் கால்ஷீட் போய்விடும் என்ற பயம் எனக்கும் தெரிகிறது. அதனால்தான் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் சங்கங்களே இந்த மூன்றையும் விழுக்காட்டுக் கணக்கில் மேசைமேல் வைக்க வேண்டும். நாயகனில் தொடங்கி ஒற்றை வசனம் பேசியவர்வரைக்கும்.