முதலில் அடங்க வேண்டிய சத்தம்

பழைய பிக்கப்புக்குப் புதுப் புகைக்குழாய் போட நினைப்பவர்கள், காதை நம்பி இறங்குவதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும்.

பனி கொட்டும் மிச்சிகன் மாநிலத்தில், விடியற்காலையில் ஒரு பழைய செவ்ரலே பிக்கப்பைக் கிளப்பிப் பாருங்கள். எஞ்சின் உறுமலுக்கு நடுவே பல்லி கத்துவது போல ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறியதும் தானாக நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று வண்டிக்காரரும் மறந்துவிடுவார். மறுநாள் காலையில் பல்லி மறுபடி கத்தும்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையை முதலில் வாங்கிக்கொள்வது மேனிஃபோல்ட் என்ற வார்ப்பிரும்புப் பாகம். அதை எஞ்சினோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் பல்லாயிரம் தடவை சூடாகி, குளிர்ந்து, துருவேறி, ஒருநாள் தலை தெறித்துவிடும். பெரும்பாலும் கடைக்கோடி போல்ட்டுதான் முதலில் போகும். அந்த இடுக்கு வழியாகப் புகை பீறிடும் சத்தம்தான் பல்லி. இரும்பு சூட்டில் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வண்டிக்காரரின் கனவு வேறு. பெரிய குழாய், பளபளக்கும் முனை, தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கிற உறுமல். அமெரிக்காவில் இதற்கென்றே ‘மஃப்ளர் ஷாப்’ என்று ஊருக்கு ஊர் பட்டறைகள் உண்டு. 1956-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் முதல் கடையைத் திறந்த மைடாஸ் நிறுவனம் இந்தத் தொழிலை வைத்தே நாடெங்கும் பரவியது. நாம் பிரிட்டிஷ்காரர்களைப் பார்த்து சைலன்சர் என்கிறோம். அமெரிக்கர்களுக்கு அது மஃப்ளர். நம் ஊரில் மார்கழிக் குளிருக்குக் காதைச் சுற்றிக் கட்டுவதும் மஃப்ளர்தான். அங்கே வண்டியின் வாயைக் கட்டுகிறார்கள்.

எந்த ஆண்டு வண்டி?

திட்டத்தின் முதல் வரி வண்டியின் வயது. 1975 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. புகையிலிருக்கும் நச்சைக் குறைக்கும் அந்தப் பெட்டிக்கு ஈயம் கலக்காத பெட்ரோல்தான் ஒத்துக்கொள்ளும். ஆனால் மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டும் டிரக்குகளுக்கு அன்று விலக்கு இருந்தது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும்படி ஃபோர்டு அதே 1975-ல் இறக்கிய வண்டிதான் எஃப்-150. ஆகவே எழுபதுகளின் பிக்கப் ஒன்றில் கன்வெர்ட்டரே இல்லாமல் இருக்கலாம். தொண்ணூறுகளின் பிக்கப்பில் அது கட்டாயம் இருந்தாக வேண்டும்.

1996 முதல் இன்னொரு காவலும் சேர்ந்தது. கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருந்து, முன்னாலிருக்கும் சென்சார் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரியாவிட்டாலும் அது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் கெடுபிடி இன்னும் அதிகம். 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. மாற்றுக் கன்வெர்ட்டர் போடுவதென்றாலும் மாநில வாரியத்தின் ஒப்புதல் எண் அதில் பொறித்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கன்வெர்ட்டரைத் தொடாமல், அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றுவது இதனால்தான். அந்த வேலைக்குப் பெயர் ‘கேட்-பேக்’.

அளவு ஆசையில் வராது

எடுத்துக்காட்டாக 1997 மாடல் செவ்ரலே சி1500 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 255 குதிரைத்திறன். இதற்கு எத்தனை அங்குலக் குழாய் வேண்டும்?

பட்டறைகளில் ஒரு வாய்க்கணக்கு புழங்குகிறது. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடிப் புகை தாராளமாகப் போக வழி வேண்டும். குழாயின் உள்வாயில் ஒவ்வொரு சதுர அங்குலமும் ஏறக்குறைய 115 கன அடியை விடும். நம் வண்டிக்குத் தேவை சுமார் 560. இரண்டரை அங்குல ஒற்றைக் குழாய் 500-ஐ ஒட்டி நின்றுவிடும். மூன்று அங்குலக் குழாய் 740 வரை விடும். அரை அங்குலந்தானே என்று தோன்றும். ஆனால் மூன்று அங்குல வட்டத்தின் பரப்பு இரண்டரை அங்குல வட்டத்தைவிட 44 சதவீதம் அதிகம். ஆக, மூன்று அங்குல ஒற்றைக் குழாய் ஒன்றே இந்த எஞ்சினுக்குப் போதும், மிச்சமும் உண்டு. இரட்டைக் குழாய் கண்ணுக்கும் காதுக்கும்தான்.

‘எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் வேண்டும், அதனால் குழாயைப் பெரிதாக்காதே’ என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. எதிரழுத்தத்தால் எஞ்சினுக்கு ஒரு நன்மையும் இல்லை. எஞ்சின் கேட்பது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்தோடும் புகை தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துச் செல்லும். சிலிண்டரில் தங்கிய மிச்சப் புகையை அது உறிஞ்சிக்கொண்டு போகும். குழாய் தேவைக்கு மேல் அகன்றால், அகன்ற ஆற்றில் நீர் மெதுவாகப் போவது போலப் புகையும் சோம்பிவிடும். இந்த எஞ்சினின் உச்ச இழுவிசை நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே கிடைக்கிறது. பாரம் இழுக்கிற வண்டி அந்தக் கீழ்ச்சுற்று பலத்தை நம்பித்தான் ஓடுகிறது.

குழாய் போகும் வழி

தாளில் போட்ட கோடு சேஸுக்கு அடியில் செல்லுபடியாகாது. இந்த செவ்ரலேயில் பெட்ரோல் டாங்க் ஓட்டுநர் பக்கமாக சேஸை ஒட்டித் தொங்குகிறது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியானால் முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டும் அதே பக்கம். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என இரட்டைக் குழாய் கேட்பவர், டாங்கை உரசிக்கொண்டு கொதிக்கும் குழாய் ஓடுவதை யோசிக்க வேண்டும். பின் ஆக்சிலைத் தாண்டும் இடத்திலும் கவனம் தேவை. பாரம் ஏற்றினால் சேஸ் ஆக்சிலை நோக்கி இறங்கும். வெறும் வண்டியில் அளந்து போட்ட குழாய் அன்றைக்கு இடிக்கும்.

வளைவு என்று வந்தால் பட்டறைக்காரரிடம் ஒரே கேள்வி போதும்: மேண்ட்ரலா, பிரஸ்ஸா? பிரஸ்ஸில் வளைத்தால் வளைவில் குழாய் நசுங்கும். கணக்குப் போட்டு வாங்கிய மூன்று அங்குலம் அங்கே மூன்று அங்குலமாக இருக்காது. மேண்ட்ரல் முறையில் உள்ளே ஓர் உருளையை நுழைத்து வளைப்பதால் வட்டம் வட்டமாகவே நிற்கும்.

புகை வெளியேறும் வாய் கேபினைத் தாண்டியே இருக்க வேண்டும். பிக்கப்பின் பின்கண்ணாடியில் சறுக்கித் திறக்கும் ஜன்னல் இருந்தால் இதை இரண்டு முறை நினைத்துப் பார்க்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

உறுமலின் தாளம்

அமெரிக்க வி8 உறுமலுக்கு ஏன் அந்தத் தனிச் சுருதி? இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றை எண்கள் இடப்புறம், இரட்டை எண்கள் வலப்புறம். வரிசையைக் கவனித்தால் வலப்புறத்தில் 8-ம் 4-ம், இடப்புறத்தில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன. ஒவ்வொரு பக்கக் குழாயிலும் நடை தட்டுத்தடுமாறி விழுகிறது. அந்தத் தடுமாற்றமே காதுக்குக் கம்பீரம்.

அதை எவ்வளவு வெளியே விடுவது என்பது மஃப்ளரின் வேலை. உள்ளே தடுப்பறைகள் வைத்து ஒலியை ஒலியோடு மோதவிடும் வகை ஒன்று. துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை பொதிந்து ஒலியை உறிஞ்சும் ‘கிளாஸ்பேக்’ இன்னொன்று. இழை எரிந்துபோகப் போக அதன் சத்தம் ஏறிக்கொண்டே போகும்.

கடை வாசலில் இனித்த சத்தம் நெடுஞ்சாலையில் தலைவலியாகும். வி8 எஞ்சின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். 1,800 சுற்றில் சீராக ஓடினால் நொடிக்கு 120 வெடிப்பு. அந்த ரீங்காரம் பிக்கப்பின் சின்ன கேபினுக்குள் பானைக்குள் ஊதியது போல நிறைந்துவிடும். முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றை, அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு நீளத்துக்குச் சேர்த்தால், உள்ளே போய்த் திரும்பும் அலை வரும் அலையை அணைத்துவிடும். அதற்கு வண்டிக்கு அடியில் இடம் வேண்டும். இதை முன்கூட்டியே வரைந்து வைத்தவருக்குத்தான் அது கிடைக்கும்.

உள்ளிருந்து தின்னும் துரு

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் 1,000 அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு குழாயை வெளியிலிருந்து அரிக்கும். உள்ளேயும் தண்ணீர் உண்டு: ஒரு காலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு காலன் நீர் ஆவியாகப் பிறக்கிறது. கடைக்குப் போய் வரும் குட்டிப் பயணங்களில் மஃப்ளர் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. நீர் உள்ளேயே தேங்கி அரிக்கிறது.

குழாய்க்கான உலோகங்களில் அலுமினியம் பூசிய எஃகு மலிவு. 409 வகைத் துருப்பிடிக்காத எஃகு நடுத்தரம். மேலே லேசாகச் செம்மை படரும், ஓட்டையாக நாளாகும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 வகைதான் விலையிலும் ஆயுளிலும் உச்சி. காந்தத்தை வைத்துப் பாருங்கள்: 409 இழுக்கும், 304 பெரும்பாலும் இழுக்காது.

எதை முதலில்?

இத்தனையும் முடிவான பிறகும் பணத்தை முதலில் கொடுக்க வேண்டியது புது மஃப்ளருக்கு அன்று. முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டச் சொல்லுங்கள். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் எங்கோ அடைப்பு. அடைத்துக்கொண்டது கன்வெர்ட்டர் என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் வண்டி மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருக்கும்.

பிறகு அந்த முறிந்த போல்ட். மிச்சத் துண்டின் தலையில் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, சூடு ஆறுவதற்குள் மெல்லத் திருப்பி எடுப்பார்கள். ஒரு போல்ட்டுக்கு அரை நாள் போனாலும் போகும். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப அதில் ஒன்றும் இருக்காது.

வேலை முடிந்து வீட்டுக்கு ஓட்டிவரும்போது புது உறுமல் கேட்கும், மனது நிறையும். ஆனால் வேலை நன்றாக நடந்ததா என்று அன்றைக்குத் தெரியாது. மறுநாள் விடியற்காலை, இரும்பெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்போது, சாவியைத் திருப்பிவிட்டு ஒரு நிமிடம் காது கொடுங்கள். பல்லி கத்தக்கூடாது.