தண்டுவடக் காயமும் மின் சிகிச்சையும்

முதுகில் அடிபட்டுக் கால்கள் செயலற்றவருக்குக் கால் நரம்புகளே பட்டுப்போயின என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. மூளையின் ஆணை இறங்கும் வழி காயத்தில் தடைப்படுகிறதேயன்றி, அதற்குக் கீழுள்ள தண்டுவடமும் நரம்புகளும் பெரும்பாலும் உயிரோடிருக்கின்றன. தெருவில் கம்பி அறுந்தால் வீட்டு விளக்கு கெட்டுவிடுவதில்லை அல்லவா?

ஆகவே, தோலின்மேல் தகடு ஒட்டி மின்னோட்டம் செலுத்தினால் தொடைத்தசை சுருங்குகிறது. சைக்கிள் போன்ற பொறியையும் கால்கள் மிதிக்கின்றன. தசை மெலிவது குறைகிறது. கீழ் நரம்புகளே சிதைந்தோர்க்கு இம்முறை அவ்வளவாகப் பயன்படாது.

அமெரிக்காவின் லூயிவில் நகர ஆய்வாளர் 2011-இல் வெளியிட்ட செய்தி வியப்புக்குரியது. தண்டுவட உறையின்மேல் 16 மின்வாய்கள் பதிக்கப்பெற்ற இளைஞர், சமநிலைக்கு மட்டும் பிறர் துணைகொண்டு, தம் பாரத்தைத் தாமே தாங்கி நின்றார். மாதங்கள் சென்றபின், நினைத்தபோது காலையும் அசைத்தார். மின்னோட்டம் இருக்கும்வரைதான் இவ்வாற்றல். அவருக்கு உணர்ச்சி சிறிது எஞ்சியிருந்தது; மின்வாய் பதிக்குமுன்பே 26 மாதங்களில் 170 முறை நடைப்பயிற்சியும் பெற்றிருந்தார். விளம்பரங்கள் இவற்றைச் சொல்வதில்லை.

வெளியூரில் உழைத்துச் சேர்த்த பொருளை அத்தகைய விளம்பரத்தில் இறைக்குமுன், கீழ் நரம்புகளின் நிலையை மருத்துவரிடம் கேட்டறிவோம். மின் சிகிச்சை நடக்கும் நாட்களிலும் நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கைப்புண் உயிரையே பறிக்கவல்லது.