காவல் நிலையத்திலிருந்து கடைவீதிக்கு

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு மூட்டைகளும் சுக்கு மூட்டைகளும் இறங்கும் காலை வேளையில் சற்று நின்று கேட்டால், சில அடித் தொலைவுக்குள்ளேயே நான்கைந்து மொழிகள் காதில் விழும். கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம் ஆகியவற்றோடு தமிழும் அங்கு ஒலிக்கும். அருகிலுள்ள கோட்டைக் கொச்சியின் சலவைக் கூடத்தில் துணி வெளுப்போரின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இத்தகைய ஊரில் ஒரு கடை உடைக்கப்பட்டாலோ ஒரு குழந்தை காணாமற்போனாலோ, நண்பகலுக்குள் அச்செய்தி எல்லா மொழிகளிலும் பரவிவிடும். காவல் நிலையத்தின் செய்திக் குறிப்போ மாலையில்தான் வரும். அதுவும் ஒரே மொழியில் வரும். இடைப்பட்ட அந்த நேரத்தில் மக்கள் சும்மா இருப்பதில்லை. தெரிந்ததோடு தெரியாததையும் சேர்த்துப் பேசிக்கொள்கின்றனர்.

காவல்துறை எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பவற்றுக்கு நெறிமுறைகள் உள்ளன. அவற்றுட் சில சட்டத்தில் எழுதப்பட்டவை. சில நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தவை. சில நெறிகள் பலர் துன்புற்ற பின்னரே வகுக்கப்பட்டன.

பண்டைத் தமிழகத்தில் அரசாணைகளை யானைமீது அமர்ந்து முரசறைந்து அறிவித்தவர் வள்ளுவர் எனப்பட்டனர். பிற்காலத்துச் சிற்றூர்களில் தண்டோரா போடும் வழக்கம் இருந்தது. இவ்விரண்டிலும் அரசு பேசியது; மக்கள் கேட்டனர். திருப்பிக் கேட்கும் உரிமை மக்களுக்கு இல்லை. இன்று அவ்வுரிமை உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி குடிமக்கள் விண்ணப்பித்துத் தகவல் பெறலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். ஒருவரின் உயிரையோ விடுதலையையோ பற்றிய தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எனினும், புலனாய்வுக்கு இடையூறு விளைவிக்கக்கூடிய தகவலை மறுக்க அச்சட்டமே இடமளிக்கிறது.

ஒரு குற்றம் குறித்துக் காவல் நிலையத்தில் பதியப்படும் முதல் ஆவணம் முதல் தகவல் அறிக்கை. தகவல் கொடுத்தவருக்கு அதன் படியைக் கட்டணமின்றித் தர வேண்டும். முன்பெல்லாம் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தார் அதனைப் பெறுவதற்குப் பலமுறை அலைய நேர்ந்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கைகளைப் பதிந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டது. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் போன்றவை இதற்கு விலக்கு. கைது செய்யப்பட்டவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைக் காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையகத்திலும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்று, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுகிறது. ஒருவரைக் காவலில் வைத்துவிட்டு அவர் எங்குள்ளார் என்பதையே மறைக்க முடியாதபடி செய்வதே இவ்விதியின் நோக்கம். அறிவிப்புப் பலகை எளிய பொருள்தான். ஆயினும் காணாமற்போன தன் மகனைத் தேடி அலையும் ஒரு தாய்க்கு அதிலுள்ள ஒரு வரியே போதுமானது.

சொல்லக்கூடாதவையும் உண்டு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டும் எதனையுமோ வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். வழக்கில் தொடர்புடைய சிறுவர் சிறுமியரின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவற்றை இதழ்களில் வெளியிடுவதை இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடை செய்கிறது. தெருவின் பெயரும் பள்ளியின் பெயரும் சேர்ந்தால் குழந்தையின் பெயரைச் சொல்லாமலேயே சொன்னதாகிவிடும் என்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு.

தொலைக்காட்சியில் கைதானவர்களை முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதைப் பலர் கண்டிருப்பர். அவர்கள் வெட்கப்பட்டு மூடிக்கொள்வதாகச் சிலர் நினைப்பதுண்டு. உண்மைக் காரணம் வேறு. குற்றத்தை நேரில் கண்ட சாட்சி, ஒரே தோற்றமுடைய பலரிடையே குற்றம் புரிந்தவரை இனங்காட்டும் சோதனைக்கு அடையாள அணிவகுப்பு என்று பெயர். அந்தச் சாட்சி முந்தைய நாள் நாளிதழில் அம்முகத்தைப் பார்த்திருந்தால், அவர் இனங்காட்டுவது தாம் கண்ட குற்றவாளியையா, நாளிதழில் கண்ட படத்தையா என்பதை எவராலும் சொல்ல முடியாது. வழக்கும் வலுவிழக்கும். ஆகவே முகத்தை மறைப்பது கைதானவரை மட்டுமன்றி வழக்கையும் காக்கிறது.

சந்தேகமும் தீர்ப்பும்

மலையாள நாளிதழில் கைதானவரைப் 'பிரதி' என்று எழுதுவர். தமிழில் 'பிரதி' என்றால் படி, நகல் என்று பொருள். தமிழ்நாட்டு நீதிமன்ற ஆவணங்களில் அவரை 'எதிரி' என்பர். அச்சொல்லைக் கேட்பவர் அவரைப் பகைவராகவே கருதிவிடக்கூடும். 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது சற்று நீண்ட தொடர்தான். ஆயினும் பிழையற்ற தொடர் அதுவே. ஒருவர் மீது சந்தேகம் உள்ளவரை அவர் சந்தேகத்துக்குரியவர். வழக்குப் பதிந்தால் குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே குற்றவாளி. இடம் மிச்சமாகும் என்பதற்காகத் தலைப்பில் 'குற்றவாளி கைது' என்று எழுதும் இதழ்கள் இன்றும் உள்ளன. அத்தலைப்பு நீதிபதியின் வேலையை முன்கூட்டியே செய்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விளைவைக் கேரளம் 1994இல் கண்டது. மாலத்தீவைச் சேர்ந்த பெண் ஒருவர் அவ்வாண்டு அக்டோபரில் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இரகசியங்கள் அயல்நாட்டுக்கு விற்கப்பட்டன என்ற ஐயம் கிளப்பப்பட்டது. நவம்பர் 30ஆம் நாள் அறிவியலாளர் நம்பி நாராயணன் கைதானார். நாகர்கோவிலில் பிறந்து, மதுரையில் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்றுத் திரும்பியவர் அவர். திரவ எரிபொருளால் இயங்கும் ராக்கெட் எஞ்சின்களை இந்தியாவில் உருவாக்கிய பணியில் முன்னின்றவர்.

அந்நாள்களில் நாளிதழ்கள் ஒவ்வொரு காலையும் ஒரு புதிய கதையோடு வெளிவந்தன. புலனாய்வு வட்டாரத்திலிருந்து கசிந்த தகவல் என்ற பெயரில் எதை எழுதினாலும் மக்கள் நம்பினர். கசிந்த தகவலுக்குக் கையொப்பம் இல்லை. பிழையென்று தெரிந்தால் பொறுப்பேற்க எவரும் இல்லை. நம்பி நாராயணன் 50 நாள்கள் காவலில் இருந்தார். அவருடைய குடும்பத்தார் வெளியில் தலைகாட்ட இயலாதபடி பழிச்சொல்லுக்கு ஆளாயினர்.

பின்னர் வழக்கை ஏற்ற மத்தியப் புலனாய்வுத் துறை, குற்றச்சாட்டுகள் பொய்யானவை என்று 1996இல் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கையை ஏற்றுக்கொண்டது, மட்டாஞ்சேரியிலிருந்து காயலைக் கடந்தால் அடையக்கூடிய எறணாகுளத்தின் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். ஆயினும் பழி முடியவில்லை. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய கைது தேவையற்றது என்று கூறி, 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. கைதுக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 24 ஆண்டுகள் கடந்திருந்தன. 2019இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அதே வழக்கில் சிக்கிய பெங்களூரு மனிதர் ஒருவர், தீர்ப்பு வந்த அதே செப்டம்பரில், அதனைக் கேட்டறியாமலேயே இறந்தார். 1994இன் கதைகள் முதற்பக்கத்தில் வெளிவந்தவை. 1996இன் செய்தி அந்த அளவுக்கு எவர் மனத்திலும் பதியவில்லை.

உள்துறை அமைச்சகம் 2010இல் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுரை இத்தகைய நிலையைத் தடுக்க முயல்கிறது. இதற்கென அமர்த்தப்பட்ட அலுவலரே செய்தியாளரிடம் பேச வேண்டும். வழக்குப் பதிதல், கைது, குற்றப்பத்திரிகை தாக்கல், இறுதித் தீர்ப்பு ஆகிய நிலைகளில் மட்டும் விளக்கம் அளிப்பதே முறை. முதல் 48 மணி நேரத்தில் நிகழ்ச்சியைப் பற்றிய அடிப்படை உண்மைகளுக்கு அப்பால் செல்லக்கூடாது. அறிவுரை நன்றாகவே உள்ளது. ஆனால் அது முழுமையாகப் பின்பற்றப்படவில்லை என்பதற்கு 2023இன் ஆணையே சான்று. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், காவல்துறையினர் செய்தியாளர்களிடம் பேசுவதற்கான விரிவான கையேட்டை மூன்று மாதங்களுக்குள் உருவாக்குமாறு உள்துறை அமைச்சகத்தைப் பணித்தது.

வாய் மூடியிருந்தாலும் கேடு

மிகுதியாகப் பேசுவதால் ஒரு கேடு விளைந்தது போலவே, காலத்தில் பேசாமையாலும் கேடு விளையும். 2018 மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்ற பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்நாட்டில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு சென்னைக் குடும்பம், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊரார் அவர்களைக் கடத்தல்காரர் என எண்ணித் தாக்கினர். மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார்.

அதே காலத்தில் தெலங்கானாவின் கத்வால் மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்தவர், கேரளத்தின் மூணாற்றைச் சேர்ந்த ரெமா ராஜேஸ்வரி. அவர் காவலர்களை ஊர் ஊராக அனுப்பி மக்களோடு நேரில் பேச வைத்தார். நாட்டுப்புறக் கலைஞர்களைக் கொண்டு பாட்டாலும் பறையாலும் பொய்ச்செய்தியை மறுத்தார். அலைபேசியில் வந்த பொய்யை எதிர்கொள்ளப் பழைய பறையே உதவியது. அம்மாவட்டத்தில் அவ்வதந்தியால் உயிரிழப்பு நேரவில்லை.

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் வேறொரு வதந்தி எழுந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று கூறும் காணொளிகள் பரவின. பீகாரிலுள்ள பெற்றோர் அஞ்சினர்; தொழிலாளர் பலர் ஊர் திரும்ப முற்பட்டனர். அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு காணொளி வழியாக மறுப்பு வெளியிட்டார். வெறுமனே 'பொய்' என்று சொல்லி அவர் நிறுத்தவில்லை. ஒரு காணொளியில் இருப்பது பீகார்த் தொழிலாளர்கள் தமக்குள் மோதிக்கொண்ட நிகழ்ச்சி என்றும், மற்றொன்றில் இருப்பது கோயம்புத்தூர்வாசிகள் இருவரிடையே நடந்த சண்டை என்றும் விளக்கினார். திருப்பூரில் இந்தி அறிந்தோர் விடையளிக்கும் உதவி எண்கள் அறிவிக்கப்பட்டன. பீகார் அரசு அனுப்பிய அலுவலர் குழு தொழிலாளர்களை நேரில் சந்தித்தது. தொழிலாளர்களின் தாய்மொழியில் சொன்ன பின்னரே அச்சம் தணியத் தொடங்கியது.

அயலூரில் உழைப்பவருக்கு மொழி எவ்வளவு முதன்மையானது என்பதை நீதிமன்றமும் உணர்ந்துள்ளது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட, ஆங்கிலம் அறியாத ஒருவர், காவலுக்கான காரணங்களை இந்தியில் தருமாறு கேட்டார், அது மறுக்கப்பட்டது. ஒருவருக்கு விளங்காத மொழியில் காரணத்தைத் தருவது தந்ததாகாது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேரளக் காவல்துறை 2018 முதல் தன் முகநூல் பக்கத்தில் திரைப்படக் காட்சிகளையும் நகைச்சுவையையும் கலந்து எச்சரிக்கைகளை வெளியிட்டுப் புகழ்பெற்றது. பின்தொடர்வோர் எண்ணிக்கையில் நியூயார்க் காவல்துறையின் பக்கத்தையே அது விஞ்சியது. ஆனால் அந்நகைச்சுவை முழுவதும் மலையாளத்தில் உள்ளது. மலையாளம் பேசத் தெரிந்தும் அதன் எழுத்தைப் படிக்கத் தெரியாத தமிழ்த் தொழிலாளர் கொச்சியில் பலர். அத்தகைய வீட்டில் மலையாள எழுத்தைப் படிக்க வல்லவர் பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையே.

அவ்வீட்டுக்குக் காவல் நிலையத்திலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தால், அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் அப்பிள்ளையிடமே வருகிறது. முதலில் பார்க்க வேண்டியது, தந்தை எந்த முறையில் அழைக்கப்படுகிறார் என்பதை. புதிய நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு என்றிருந்தால், அவர் கண்டதையோ அறிந்ததையோ சொல்வதற்காக அழைக்கப்படும் சாட்சி. 35ஆம் பிரிவு என்றிருந்தால், அவர் மீதே ஐயமோ குற்றச்சாட்டோ உள்ளது; வழக்கறிஞரை அணுக வேண்டும். சாட்சியாகப் பெண்களையோ, 15 வயதுக்குட்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையோ காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கே அலுவலர் வந்து கேட்க வேண்டும். கடிதத்தில் 'சாக்ஷி' என்று உள்ளதா, 'பிரதி' என்று உள்ளதா என்பதைச் சரியாகப் படித்துச் சொன்னால், அன்றிரவு அவ்வீட்டார் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவாகிவிடும்.