பிள்ளை பெயரில் ஒரு வேன் ஓடட்டும்

வாழ வேண்டிய வயதில் போய்விட்ட பிள்ளைக்குத் திதி கொடுப்பதோடு நிற்காமல், அதன் பெயரில் நாலு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோரை எத்தனை முறை கும்பிட்டாலும் தகும். பெற்ற வயிறு எரிகிற நேரத்தில் ஊரார் வீட்டுப் பிள்ளையை நினைக்கத் தனி மனசு வேண்டும். 1884இல் பதினைந்து வயது மகனை டைபாய்டுக்குப் பறிகொடுத்த அமெரிக்கத் தம்பதி அவன் பெயரில் எழுப்பியதுதான் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம்.

நமக்கு நெருக்கமானவர், மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட அரியலூர் மாணவி அனிதா. அவர் பெயரில் அவர் ஊரான குழுமூரில் நூலகம் இருக்கிறது. சென்னை கொளத்தூரில் 2019 முதல் இலவசப் பயிற்சி மையம் நடக்கிறது. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்குக்கும் அவர் பெயரே. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டம். அதில் அவர் பெயர் இல்லை. ஆனால் அவருக்கு எந்தக் கதவு சாத்தப்பட்டதோ, அது அவரைப் போன்ற பிள்ளைகளுக்குக் கொஞ்சமாவது திறந்தது.

இந்தக் கண்ணோடு கோல சிலாங்கூர் பக்கம் வாருங்கள். நம் இளசுகளை இங்கே எது கொண்டுபோகிறது? சாலைதான். மலேசியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 பேர் சாலையில் சாகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்ணம் போகும் சாலையிலும், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை) உட்சாலைகளிலும் விடியுமுன் நின்று பாருங்கள். பழக்குலை ஏற்றிய லாரிக்குப் பக்கத்திலேயே பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள், ஒரே மோட்டாரில், பின்னால் இருப்பவன் தலையில் ஹெல்மெட் கூட இல்லாமல். உரிமம் எடுக்கவே பதினாறு வயது ஆக வேண்டும். படிவம் இரண்டு படிக்கிற பிள்ளைக்கு ஏது உரிமம்?

வீட்டில் கண்டிக்க மாட்டார்களா என்று கேட்பது சுலபம். ஆனால் அந்த வீடு வேறு வழியில்லாமல் நிற்பதற்குத் தோட்டத்தின் கதைதான் காரணம். 1917இல் இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பால்மரம் கேட்ட அளவுக்குச் செம்பனை ஆள் கேட்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் லயங்கள் காலியாயின. எஞ்சிய சில குடும்பங்களுக்காக எந்த பஸ்ஸும் தோட்டத்துக்குள் வருவதில்லை. தமிழ்ப்பள்ளி வரை நடந்தே போன பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளி டவுனில். வேன் காசு கட்ட முடியாத வீட்டில், ஒன்று அப்பாவின் மோட்டார், இல்லையென்றால் படிப்பை நிறுத்துவது.

நாம் கொடுக்கும் நினைவு உபகாரச் சம்பளமோ பெரும்பாலும் எஸ்.பி.எம்.மில் கூடுதல் ‘ஏ’ வாங்கியவர் கைக்குப் போகிறது. கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால்தான் மற்றவர்களுக்கும் ஊக்கம் வரும் என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகக் கடன் என்று வேறு வழிகள் இருக்கின்றன. படிவம் மூன்றோடு நின்றுவிட்டவனுக்கு எந்த மேடையிலும் காசோலை கிடையாது.

விபத்தில் மகனைப் பறிகொடுத்த குடும்பத்திடம் நான் கேட்பது இதைத்தான்: உபகாரச் சம்பளத்துக்கு ஒதுக்கும் அந்தப் பணத்தில் ஒரு வேன் ஓட்டுங்கள். ஓட்டுநர் சம்பளம், எண்ணெய்க் காசு, காப்புறுதி எல்லாம் ஒரு வீட்டால் தாங்காது, உண்மைதான். ஆனால் பல வீடுகள் கூடினால் முடியும். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கைமாறிய காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தே தோட்டம் வாங்கினார்கள் நம் தொழிலாளர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளால் மூன்று தோட்டத்துக்கு ஒரு வேன் ஓட்ட முடியாதா? வேனின் பக்கவாட்டில் மகன் பெயரைத் தாராளமாக எழுதுங்கள். யாரை ஏற்றுவது என்று முடிவு செய்யும்போது மட்டும் தேர்வு முடிவைக் கேட்காதீர்கள். எந்த லயத்துப் பிள்ளை எதில் போய் வருகிறது, யார் இந்த மாதம் நின்றுவிட்டார்கள் என்று தோட்டத்துக் கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார்.