வானம் பழகுவோம் – 9: முதலில் தொலைகாட்டி வேண்டாம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடர் மகாவலிச் சமவெளியை நோக்கி இறங்கும் சரிவில் இருக்கிறது பல்லேகம. களுகங்கை நீர்த்தேக்கம் வந்தபின் பழைய லக்கல நகரம் நீருக்குள் போய்விட்டது. மேட்டில் புதிய நகரம் எழுந்திருக்கிறது. கண்டி, மாத்தளை நகரங்களின் வெளிச்சத்துக்கும் இந்த ஊருக்கும் நடுவே மலை நிற்கிறது. கிழக்கே சமவெளியில் பெரிய நகரம் எதுவும் இல்லை. நிலவில்லாத இரவில் பால்வீதியைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை, தலைக்கு மேலேயே கிடக்கும். இப்படி ஒரு வானம் வாய்த்த இடத்தில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க விரும்புபவர் முதலில் எதை வாங்க வேண்டும்? என் பதில், பத்துக்கு ஐம்பது அளவுள்ள ஒரு நல்ல பைனாகுலர். தொலைகாட்டியை ஓர் ஆண்டுக்காவது தள்ளிவையுங்கள். கையில் பணம் குறைந்தவருக்கு ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய தொலைகாட்டியையும் வாங்கக்கூடியவருக்கும் இதையே சொல்வேன். காரணங்கள் இந்த மண்ணிலும் இந்த வானத்திலும் இருக்கின்றன.

முதற்காரணம் மேகம். பல்லேகமவுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி. ஐப்பசியில் இடியோடு தொடங்கி, மார்கழி, தை வரை வானம் மூடிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்டு இறங்குகிறது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்று சொல்லும் காற்று இதுதான். நுவரெலியாவும் ஹட்டனும் மழையில் நனையும் அதே மாதங்களில் பல்லேகமவில் வானம் திறக்கிறது. ஆனால் திறந்த வானம் என்றால் மேகமே இல்லாத வானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1955 ஜூன் 20ஆம் திகதி நிகழ்ந்தது இருபதாம் நூற்றாண்டின் மிக நீண்ட முழுச் சூரிய கிரகணம். அதன் நிழல் காலை வேளையில் பொலன்னறுவை, ஹிங்குராக்கொட பகுதிகளைக் கடந்து சென்றது. வறண்ட பருவம், வறண்ட வலயம் என்று கணக்குப் போட்டு வெளிநாடுகளிலிருந்து ஆய்வுக் குழுக்கள் பாரமான கருவிகளோடு வந்து காத்திருந்தன. அந்தச் சில நிமிடங்களில் மேகம் மறைத்ததால் பெரும்பாலானவர்களின் உழைப்பு வீணானது. உலகத் தரமான கருவிகளுக்கே அந்தக் கதி என்றால், வீட்டு முற்றத்துப் பார்வையாளர் பாடம் ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே வானம் இரவு முழுவதையும் தராது. இருபது நிமிடம், அரை மணி என்று இடைவெளிகளாகத் தரும். தொலைகாட்டியை வெளியே தூக்கி, நிறுத்தி, வீட்டுச் சூட்டிலிருந்து கண்ணாடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வரும்வரை பொறுத்து, பொருளைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த இடைவெளி மூடிவிடும். பைனாகுலர் கழுத்தில் தொங்குகிறது, மேகம் விலகிய கணத்தில் கண்ணுக்குப் போய்விடுகிறது. கச்சான் காற்றில் நீண்ட குழாய் நடுங்கும். சுவரோரமாகச் சாய்மனைக் கதிரையில் படுத்துப் பார்ப்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

இரண்டாவது காரணம் அகலாங்கு. பல்லேகம நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் காவலூரை வானாய்வகத்துக்குத் தெரிவு செய்தபோது, அங்கிருந்து தென்வானத்தின் பெரும்பகுதி எட்டும் என்பது முக்கியமான காரணங்களுள் ஒன்று. காவலூர் இருப்பது பன்னிரண்டரைப் பாகையில். பல்லேகம அதற்கும் தெற்கே. வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே தென்சிலுவையும் ஒரே இரவில் தெரியும் இடம் இது. மே மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி கடந்ததும் ஒமேகா செந்தோரி தெற்கே 35 பாகை உயரத்தில் நிற்கும். பத்து இலட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட உருண்டைக் கொத்து அது. தூரம் ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுகள். இலண்டனில் அது ஒருபோதும் உதிப்பதில்லை. ஆகஸ்டு நடுவில் இரவு எட்டு மணிக்கு மேல் பால்வீதியின் மையம் தனுசு, விருச்சிகத்தின் பக்கம் 53 பாகை உயரத்துக்கு ஏறியிருக்கும். இலண்டனில் அதே இடம் பத்துப் பாகைக்கும் கீழேதான். தொடக்கக்காரருக்கென்று எழுதப்பட்ட ஆங்கில நூல்களில் பல, 40, 50 பாகைகளில் வாழ்பவரை மனத்தில் வைத்தவை. அவர்களுக்குக் கலங்கலாகத் தெரிவதைத் தெளிவாகக் காணப் பெரிய கருவி வேண்டும். நமக்கு அதே பொருள் மேலே, மெல்லிய காற்றுப் படலத்தின் வழியே நிற்கிறது. வறண்ட மாதங்களும் பால்வீதி மையம் மாலையில் உயரும் மாதங்களும் பல்லேகமவில் ஒன்றாய் அமைவதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். இலங்கையின் மேற்குக் கரையிலிருப்பவருக்கு அது இல்லை.

இனி ஒளியின் கணக்குக்கு வருவோம். தொலைகாட்டி விற்பவர் முதலில் சொல்வது உருப்பெருக்கத்தை. 60 மில்லிமீற்றர் வில்லை கொண்ட சிறு கருவியின் பெட்டியில் 500 மடங்குக்கு மேல் பெருக்கும் என்று அச்சிட்டு விற்பார்கள். வில்லையின் விட்டம் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு மடங்கு என்பதே பயனுள்ள உச்சம். 60 மில்லிமீற்றருக்கு 120. அதற்கு மேல் பெருக்கினால் மங்கலும் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. மங்கிய பொருளைக் காட்டுவது திரட்டப்படும் ஒளி. இருளில் முழுதாக விரிந்த இளைஞரின் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 50 மில்லிமீற்றர் வில்லை அதைவிட ஐம்பது மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. பைனாகுலரில் இரண்டு கண்ணும் அதைப் பெறுகின்றன. பார்வைப் பரப்பும் ஆறு பாகைக்கு மேல் இருக்கும். இந்த அகலம் அற்ப விடயமன்று. அந்திரோமேதா விண்மீன் பேரடை மூன்று பாகை நீளம். கார்த்திகைக் கூட்டம் இரண்டு பாகை. தேள்வாலுக்கு அருகே இருக்கும் மெசியர் 7 கொத்து நிலவின் இரண்டு மடங்கு அகலம். சாதாரணத் தொலைகாட்டியில் ஒரு பாகைதான் ஒரு நேரத்தில் தெரியும் என்பதால் இவை துண்டு துண்டாகவே அகப்படும். இருண்ட வானத்தின் செல்வங்களிற் பெரும்பாலானவை அகலமானவை. மொறட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திடம் ஜப்பான் அரசு 1996இல் அன்பளித்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. கொழும்பின் ஒளியும் கடற்கரையின் ஈரமும் சூழ்ந்த வானத்தின் கீழ் அது உழைக்க வேண்டியிருக்கிறது. பால்வீதியின் ஒளிமேகங்களைப் பொறுத்தவரை, பல்லேகமவில் பைனாகுலரோடு படுத்திருக்கும் மாணவர் கொழும்பில் பெரிய தொலைகாட்டியின் முன் நிற்பவரைவிட அதிர்ஷ்டசாலி.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது சனிக் கோள். பத்து மடங்குப் பைனாகுலரில் சனியின் வளையம் தெரியாது. சற்று நீண்ட புள்ளியாகத் தோன்றலாம், அவ்வளவே. வளையத்தைப் பிரித்துக் காட்ட 25, 30 மடங்காவது வேண்டும். ஒரு குழந்தையை வானத்தின் பக்கம் திருப்புவதற்கு அந்த வளையத்தைப்போல வேறொன்றில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பைனாகுலரைச் சாய்மனைக் கதிரையின் கையில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலவுகளும் கோளின் இருபுறமும் வரிசையாகத் தெரியும். 1610இல் கலிலியோ அவற்றைக் கண்டது ஏறத்தாழ இருபது மடங்குக் கருவியால். அடுத்தடுத்த இரவுகளில் அவற்றின் இடம் மாறுவதைக் கொப்பியில் குறித்துவரும் பிள்ளை, கோள் ஒன்றைச் சுற்றிப் பொருள்கள் ஓடுவதைத் தானே கண்டுபிடிக்கிறது. வளையத்தை ஒரு தடவை பார்ப்பதைவிட அது ஆழமான அனுபவம். சனியைப் பார்க்க ஊருக்கு ஒரு தொலைகாட்டி போதும். பாடசாலை ஒன்று நல்லதொன்றை வாங்கி மாதம் ஓரிரவு முற்றத்தில் நிறுத்தலாம். பத்துக் குடும்பங்கள் தனித்தனியே மலிவுத் தொலைகாட்டி வாங்கி அலுமாரியில் தூசி படிய விடுவதைவிட அதுவே நல்ல செலவு.

அப்படி வாங்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் தாங்கியோடு பல தொலைகாட்டிகள் விற்கப்படுகின்றன. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்தாக வேண்டும். பல்லேகமவில் துருவன் அடிவானத்துக்கு மேல் ஏழரைப் பாகைதான். கையை நீட்டிப் பொத்திய முட்டியின் உயரமும் இல்லை. மரங்களும் மலையும் அடிவானத்துப் புகாரும் அதை இலகுவாக மறைத்துவிடும். வட நாடுகளுக்காகச் செய்யப்பட்ட தாங்கிகளில் பல அவ்வளவு தாழ்வாகச் சாயவும் மாட்டா. ஆகவே மேலும் கீழும், பக்கவாட்டிலும் கையால் தள்ளும் எளிய டொப்சோனியன் தாங்கியோடு 150 மில்லிமீற்றர் ஆடி கொண்ட தொலைகாட்டியே பாடசாலைக்குப் பொருத்தம். உச்சிக்கு நேரே திருப்புவது அதில் சற்றுச் சிரமம்; நம் வானத்தில் பல கோள்கள் உச்சிக்கு அருகே போவதால் அந்தக் குறை இருக்கத்தான் செய்யும். அரை மணி பொறுத்தால் பொருள் சரிந்துவிடும்.

பைனாகுலரால் என்ன அறிவியல் செய்ய முடியும், வேடிக்கைதானே என்பார்கள். இன்றைய பங்களாதேஷில் உள்ள ஜெசோர் நகரில் கருவூல ஊழியராக வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திரா இதற்கு விடை. பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர். அவரிடம் இருந்தது மூன்று அங்குலத் தொலைகாட்டி. 1918 ஜூனில் கழுகு மண்டலத்தில் வெடித்த புதுநட்சத்திரத்தைத் தாமாகவே கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். வானத்தில் வழக்கமாக இருப்பவை எவை என்று அவர் கண்ணுக்குப் பழகியிருந்ததால், இல்லாத ஒன்று வந்ததும் உடனே தெரிந்தது. அதன்பிறகு ஒளி மாறும் நட்சத்திரங்களை ஆண்டுக்கணக்கில் மதிப்பிட்டு, 37,000க்கும் மேற்பட்ட பதிவுகளை அமெரிக்க மாறொளி நட்சத்திர நோக்கர் சங்கத்துக்கு அனுப்பினார். அந்த உழைப்பைக் கண்டுதான் ஆறு அங்குலத் தொலைகாட்டி ஒன்று அமெரிக்காவிலிருந்து அவரைத் தேடி வந்தது. பழக்கம் முதலில், கருவி பிறகு என்ற வரிசை அவர் வாழ்வில் தெளிவாக இருக்கிறது. கணினியே தேடிப் படம்பிடித்துத் தரும் புதுவகைக் கருவிகளையும் சிலர் இப்போது விரும்புகிறார்கள். அவை எடுக்கும் படங்கள் அழகானவை. ஆனால் வானத்தில் எது எங்கே இருக்கிறது என்பதை அவை பார்ப்பவரிடம் விட்டுவைப்பதில்லை. பழகியவர் கைக்கு அவை நல்ல துணை, தொடங்குபவருக்கு அல்ல.

கடைக்குப் போகுமுன் சில விடயங்கள். பத்துக்கு ஐம்பது என்றால் பத்து மடங்கு பெருக்கம், 50 மில்லிமீற்றர் வில்லை. கை நடுங்குபவருக்கு எட்டுக்கு நாற்பத்திரண்டு நல்லது. பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையையும் சிவப்பாக மினுங்கும் வில்லைகளையும் தொடவேண்டாம். முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கண்வில்லையைப் பார்த்தால் அதில் ஒளிவட்டம் தெரியும். வட்டம் முழுமையாக இருக்க வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே இருக்கும் அரியம் மட்டமானது. தூரத்து மின்கம்பத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்ணின் காட்சியும் சிரமமில்லாமல் ஒன்றாகச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் வைத்துவிட்டு வாருங்கள், தலைவலிதான் மிஞ்சும். நம் ஈரத்தில் வில்லைக்குப் பெரும் பகை பூஞ்சணம். நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் பனியும் கூடுதலாக இறங்கும். தோல் உறைக்குள் மூடி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். நனைந்தால் காயவிட்ட பின்பே மூடுங்கள். சூரியனின் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. ஒரு கணத்தில் பார்வை போய்விடும். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இதை ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்.

இருளைத் தேடி ஊருக்கு வெளியே போவதும் வேண்டாம். வஸ்கமுவப் பக்கத்திலிருந்து யானைகள் நடமாடும் நாடு இது; இரவில் வயல்வெளியில் தனியே படுத்து வானம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. வீட்டு முற்றமோ பாடசாலை மைதானமோ போதும். வெளிவிளக்கை அணைத்து இருபது, முப்பது நிமிடம் கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். அதற்கிடையில் கைத்தொலைபேசியை ஒரு முறை பார்த்தாலும் திரும்ப முதலிலிருந்துதான். வரைபடம் பார்க்கச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய ரோச் லைட் போதும். மங்கிய பொருளை நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பாருங்கள். கண்ணின் ஓரத்துக்குத்தான் மங்கல் ஒளியில் கூர்மை. புதிய லக்கல நகரில் தெருவிளக்குகள் பெருகப் பெருக இந்த வானமும் மங்கும். மேல்நோக்கி ஒளி சிந்தாத மூடிவைத்த விளக்குகளைப் பொருத்தும்படி பிரதேச சபையைக் கேட்பது வானம் பார்ப்பவரின் வேலையும்தான். தரைக்கு வேண்டிய வெளிச்சத்தில் அதனால் எதுவும் குறையாது.

பைனாகுலர் கையில் வந்ததும் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மே தொடங்கி ஆகஸ்டு வரை முன்னிரவில் உயரத்தில் வரும் வடமகுட மண்டலம் அரைவட்டமாக அடுக்கிய ஏழு நட்சத்திரங்கள். அதன் கிழக்கோரத்தில் டீ கொரோனே பொரியாலிஸ் என்ற மங்கிய நட்சத்திரம் இருக்கிறது. வழக்கமான நாள்களில் பைனாகுலருக்கே அது கடினம். 1866இலும் 1946இலும் அது வெடித்து, சில இரவுகள் வெறுங்கண்ணுக்கே எளிதாகத் தெரிந்தது. மீண்டும் வெடிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்பதே வானியலாளரின் கணிப்பு. வானம் திறந்திருக்கும் ஒவ்வோர் இரவும் அந்த அரைவட்டத்தைப் பாருங்கள், பார்த்ததைத் திகதியும் நேரமும் போட்டுக் கொப்பியில் எழுதுங்கள், புதிதாக ஒன்று தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.