சங்குக்குள்ள ஒரு வாடகைக்காரர்!

அஸ்தினாபுரத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? நாய் வளர்க்க ஹவுஸ் ஓனர் விடலைன்னு, ஹெர்மிட் கிராப்ங்கிற துறவி நண்டு வாங்க ஆசையா? பிளாஸ்டிக் டப்பா போதும்னு நினைச்சுடாதீங்க பாஸ்! அது கரையில வாழ்ந்தாலும் செவுளால சுவாசிக்கிற ஜீவன். காத்துல ஈரம் குறைஞ்சா மெல்ல மூச்சுத் திணறிச் செத்துடும். நம்மள வாட்டுற சென்னைப் புழுக்கம்தான் அதுக்கு ஜாலி. ஏசி ரூம் எமன்!

மூடி போட்ட கண்ணாடித் தொட்டி, நண்டு முழுசாப் புதையற ஆழத்துக்கு ஈர மணல், குளோரின் நீக்கின நல்ல தண்ணி ஒரு கிண்ணம், அக்வேரியக் கடல் உப்பு கரைச்ச தண்ணி ஒரு கிண்ணம், வளர வளர வீடு மாத்த பெயின்ட் அடிக்காத காலிச் சங்குகள்... இவ்வளவும் வேணும். மணலுக்குள்ள போய் வாரக்கணக்குல வரலையா? தோண்டாதீங்க, சட்டை உரிக்குது!

நல்லா கவனிச்சா 30 வருஷம்கூட வாழும். உங்க டிகிரி 3 வருஷம்தான். யோசிச்சு முடிவெடுங்க!