டேர்போவின் நோயும் நோய்முதலும்

பழைய மாணவருட் பலர் இன்று டீசல் மோட்டார் வண்டி வைத்திருத்தலின், அதன் டேர்போவைப் பற்றிச் சில கூறுதல் பயனுடைத்து.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை நெருக்கி எஞ்சினுட் செலுத்துகின்றது. இதுவே டேர்போ. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேலும் சுழலும் இத்தண்டை மெல்லிய எண்ணெய்ப் படலமே தாங்குகின்றது.

வண்டி வலுவிழந்தவுடன் டேர்போவை மாற்ற விரைவோர் உளர். முதலில் அறிகுறிகளை ஆராய்தல் வேண்டும். வலுக்குறைவோடு கரும்புகையும் காணின், பெரும்பாலும் காற்றுப் போதவில்லை என்பது பொருள். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், காற்றுக்குழாய் வெடித்திருக்கலாம். ஏற்றத்தில் எழும் சீறலொலி கசிவைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். ஆயினும் பிஸ்டன் வளையத் தேய்வும் அதனைத் தரும். ஆதலின், எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பார்க்க. பக்கவாட்டிற் சிறிது ஆடுதல் இயல்பு. முன்பின்னாக ஆடுதல் புலப்படினும், சக்கரம் உறையில் உரசியிருப்பினும், டேர்போ பழுதென்க.

அவ்வளவில் ஆராய்ச்சி முடிவதன்று. எண்ணெய்க்குழாய் அடைபட்டதா, எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதா என்று பாராது புதியதைப் பூட்டின், அதுவும் விரைவில் அழியும்.

நீலப்புகை மிகுந்த வண்டியை ஓட்டுதல் கூடாது. கசியும் எண்ணெயையே எரித்து எஞ்சின் கட்டுக்கடங்காது ஓடக்கூடும். திறப்பைத் திருப்பினும் நில்லாது. அப்பொழுது கெடுவது பொருள் மட்டுமன்று; உயிருக்கும் இடருண்டு.